கமிங் அவுட்: தமிழில் என்ன சொல்வது?

தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றிய படம் என்றாலே விமர்சனத்தில் 'கமிங் அவுட் கதை' என்ற பேச்சு வந்துவிடும். தன் ஈர்ப்பு இன்னதென்று ஒருவர் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ தெரியப்படுத்துவதுதான் கமிங் அவுட். அம்மா அழுவார், அப்பா கதவை அறைந்து சாத்துவார், கடைசி ரீலில் பிள்ளையைக் கட்டியணைப்பார். தடம் பழகியதுதான்.

ஆனால் சொல் பிறந்த இடம் வேறு. கல்யாண வயது வந்த பெண்ணை மேல்தட்டுக் குடும்பங்கள் நடன விருந்து வைத்து ஊருக்கு அறிமுகப்படுத்துவதற்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பெயர். நம்மூர் மஞ்சள் நீராட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் கவுன் அணிந்து ஆடிய நடன விழாக்கள் அமெரிக்க நகரங்களில் களைகட்டிய காலத்தில், அங்கே இந்தச் சொல்லைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்கள். பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் பத்திரிகை 1931இல் அப்படியொரு விழாவுக்கு வந்த புதுமுகங்களைப் பற்றி இதே சொல்லால் செய்தி போட்டது. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்ஸி எடுத்துக்காட்டும் தகவல் இது. அன்றைக்கு அது ஒளிவிடத்திலிருந்து வெளியே வருவதல்ல, தன்னைப் போன்றவர்களின் கூட்டத்துக்குள் நுழைவது. 'கமிங் அவுட் ஆஃப் தி குளோசெட்' என்பதில் வருகிற, ஒளிந்திருக்கும் அலமாரி, அதாவது 'குளோசெட்', 1960களில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. (அதை அப்படியே தமிழில் எழுதினால் வாசகர் பாத்ரூம் சாமான் கடையில் போய் நிற்பார்.)

வீட்டில் சொல்வதை விட்டு நகர்ந்த படங்கள், சொல்லின் அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் வருகின்றன என்பது என் எண்ணம். 1992இல் விமர்சகர் பி. ரூபி ரிச் 'நியூ குயர் சினிமா' என்று பெயரிட்ட, தன்பால் ஈர்ப்பாளர் படங்களின் புதிய அலை அப்படித்தான். டாட் ஹெய்ன்ஸின் 'பாய்சன்' போன்ற படங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆண்ட்ரூ ஹெய்க்கின் 'வீக்கெண்ட்' (2011). நாட்டிங்காம் நகரில் ரஸல், கிளென் என்ற இருவர் சந்திக்கிறார்கள்; ஒரு வார இறுதிதான் மொத்தப் படமும். ரஸல் வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவன், சொல்வதற்கு அப்பாவே கிடையாது. படுக்கையில் கிளென், சரி, நான் உன் அப்பாவாக இருக்கிறேன், என்னிடம் சொல் என்கிறான். ரஸல் சொல்கிறான். கேட்கிற 'அப்பா' பெருமைப்படுகிறார். வழக்கமான படம் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வதை இரண்டு பேர் போர்வைக்குள் விளையாட்டாக முடித்துவிடுகிறார்கள், ஆனால் தொண்டை அடைக்கிறது.

இனி தமிழ்ச் சொல். 'ஒப்புக்கொள்ளுதல்' கூடவே கூடாது; அது குற்றவாளிக் கூண்டுச் சொல். 'வெளியே வருதல்' என்றால் எங்கிருந்து என்று கேட்பார்கள். கட்டுரைக்கு 'தன்னை வெளிப்படுத்துதல்' சரி, கொஞ்சம் விறைப்புதான். "வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டாலே விஷயம் புரிந்துவிடுகிறது என்பதால், வசனத்துக்கும் சப்டைட்டிலுக்கும் 'சொல்லிவிடுதல்' போதும். 1931இன் நடன விழாப் பொருளுக்கோ நம்மிடம் கச்சிதமான சொல் எப்போதோ இருக்கிறது: அரங்கேற்றம். ரஸலுக்கு அது பொருந்தாது. அவன் சொல்லிவிடுகிறான், அவ்வளவுதான்.