வாத்துக்கும் பூனைக்கும் ஒரே தொண்டை

கார்ட்டூனில் வரும் டாஃபி வாத்துக்கும் சில்வெஸ்டர் பூனைக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுத்தார் என்கிறார்களே, அது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்மைதான். அவர் பெயர் மெல் பிளாங்க். 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வானொலியில் பேசிப் பழகி, 1937இல் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு வந்தார். பக்ஸ் பன்னி, ட்வீட்டி, போர்க்கி எல்லாமே அவர் குரல்தான். திரையரங்குகளுக்காக எடுத்த அந்தக் குறும்படங்கள் பிற்பாடு தொலைக்காட்சியில் ஓடி ஓடித்தான் உலகம் முழுக்கப் பழகின. 1960இல் தொடங்கிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னியாகப் பேசியவரும் இவரே.

குரல் பிறக்கும் விதம் பள்ளியில் படித்ததுதான். நுரையீரல் காற்று குரல்நாண்களை அதிரவைக்கிறது. ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்குச் சற்று மேல். ஆனால் குரல்நாண் எழுப்புவது வெறும் இரைச்சல். நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் தனியே ஊதினால் வருமே, அந்த மாதிரி. அதைப் பேச்சாக்குவது தொண்டை முதல் உதடு வரையுள்ள குழாய். வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 செ.மீ. நீளம். அந்த நீளக் குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸை (நொடிக்கு அத்தனை அதிர்வுகளை) ஒட்டிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். இதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

சரி, வாத்துக்கு வருவோம். எச்சில் தெறிக்கப் பேசும் டாஃபியும் சில்வெஸ்டரும் கிட்டத்தட்ட ஒரே குரல்! சில்வெஸ்டரைப் பேசியபடியே விட்டார்கள். டாஃபியைப் பதிவு செய்து, கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த எளிய வேலை செய்யும் மாயம் எனக்கு எத்தனை தடவை நினைத்தாலும் அலுப்பதில்லை. உதாரணத்துக்கு, வேகத்தை 20 சதவீதம் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்த குரல்நாண் 120 ஆகிறது. கூடவே 500 ஹெர்ட்ஸ் 600 ஆகிறது, 1500 போய் 1800 ஆகிறது. 17 செ.மீ. குழாய் 14 செ.மீ. குழாயாகச் சுருங்கினால் என்ன ஒலி வருமோ, அதே ஒலி. குழாய் சிறிதென்றால் உடம்பும் சிறிது என்று நம் காது குழந்தைப் பருவத்திலிருந்தே கற்று வைத்திருக்கிறது. பேசுவது சின்ன உருவம் என்று நாம் யோசிக்காமலே நம்பிவிடுகிறோம். ஹீலியத்தை உள்ளிழுத்துப் பேசினால் குழாயின் ஒத்ததிர்வு மட்டும்தான் உயரும், குரல்நாணின் அதிர்வு பெரிதாக மாறாது. வேகமாக ஓட்டும்போது இரண்டும் சேர்ந்து உயர்கின்றன. ஆனால் பேச்சும் வேகமாகிவிடுமே? அதனால் வேகம் கூடிய பிறகும் வசனம் புரியும்படி, பதிவின்போதே நிதானமாகப் பேச வேண்டும். சிரிப்பு வரவேண்டிய இடத்தின் இடைவெளியைக்கூட முன்கூட்டியே நீட்டி வைக்க வேண்டும்.

மற்ற குரல்களுக்கு உடம்புதான் கருவி. குரல்வளையை மேலே தூக்கி உதட்டை விரித்தால் குழாய் குறுகும். இறக்கி, உதட்டைக் குவித்தால் நீளும். கத்திக்கொண்டே இருக்கும் யோசெமிட்டி சாம் என்ற கார்ட்டூன் பாத்திரம் தன் தொண்டையைப் பதம் பார்த்ததாக பிளாங்கே சொல்லியிருக்கிறார்.

தேனும் பனங்கற்கண்டும் சாப்பிட்டால் குரல்நாண் மெருகேறும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது. குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அங்கே தேன் இறங்கினால் புரையேறும். குரல்நாணுக்கு வேண்டியது போதுமான தண்ணீரும் ஓய்வும். தொண்டையை நம்பிப் பிழைக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குரல் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் பிளாங்கின் கார் கோரமான விபத்தில் சிக்கியது. இரண்டு வாரம் போல நினைவில்லாமல் கிடந்தார். ஃபிளின்ட்ஸ்டோன்ஸின் சில அத்தியாயங்களுக்கு டாஸ் பட்லர் என்ற இன்னொரு குரல் கலைஞர் பார்னியாகப் பேசினார். அப்புறம் உடல் முழுக்க மாவுக்கட்டோடு படுத்த படுக்கையாக இருந்த பிளாங்கே மைக்கில் பேசத் தொடங்கினார். மல்லாந்து படுத்தால் வயிற்றின் உறுப்புகள் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையை) மேலே தள்ளும், நுரையீரலில் தங்கும் காற்று குறையும். குரலுக்கு எரிபொருளே அந்தக் காற்றுதான். பார்னியின் அந்தக் கெக்கலிப்புச் சிரிப்பையும் அவர் அந்த மூச்சில்தான் சிரித்தார்.