தண்ணீரில் இருந்தால் ஈரூடகவாழியா?

போன கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு ஒரு பெடியன் வாளியோடு வந்தான். எட்டாம் தரம் படிக்கிறவன். வாளிக்குள் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை, கடையில் விற்கிற சிவப்புக் காது வகை. ஓட்டில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். அழுத்திய இடம் உள்ளே போனது.

"எங்க தம்பி வச்சிருக்கிறீங்கள்?"

"குளியலறைக்குள்ள சேர். வெயிலே படாது. வாளி நிறையத் தண்ணி. ஈரூடகவாழிக்குத் தோல் காயக்கூடாது தானே?"

அவன் படித்தது சரி. தவளைக்கு எழுதியதை ஆமைக்குச் செய்துவிட்டான், அவ்வளவுதான். ஆமை ஊர்வன, பள்ளிப் புத்தகத்தில் நகருயிர் என்று இருக்கும். அதற்கு ஏறிப் படுத்து முதுகு காய ஒரு கல்லும் நேரடி வெயிலும் வேண்டும். வெயில் படாவிட்டால் உடம்பில் விற்றமின் டி குறையும், தின்கிற கல்சியம் எலும்பில் சேராது, ஓடு இளகும். யன்னல் கண்ணாடிக்குள்ளால் வருகிற வெளிச்சமும் உதவாது. வேண்டிய புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும். (வளர்க்க அலுத்துப்போனால் குளத்தில் விட்டுவிடாதீர்கள். அது நம் நாட்டு ஆமை அல்ல. நம் குளத்து ஆமைகளைப் பிடித்து வீட்டில் வைப்பதோ சட்டப்படி குற்றம்.)

திருகோணமலையில் மிருக வைத்தியம் பார்க்கிற எனக்கு, மாட்டுக்கும் நாய்க்கும் இடையில் இந்தக் குழப்பம் அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது. குற்றம் பெயரில்தான் என்று நினைக்கிறேன். ஈரூடகம் என்றால் நீரும் நிலமும். பெயரைக் கேட்டதும் எல்லோரும் அந்த உயிரின் விலாசத்தைத்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் இரண்டு விலாசம் உள்ளவைக்குப் பஞ்சமா? கரையேறி முட்டையிடும் கடலாமை, மகாவலி கடலில் கலக்கிற பக்கத்து முதலை, வாய்க்காலில் நீந்துகிற கபரக்கொய்யா என்ற நீர் உடும்பு. இவை மூன்றும் ஊர்வனதான். வலையில் மீனோடு ஏறி வருகிற வலக்கடியன் என்ற கடற்பாம்பும் அப்படியே. லின்னேயஸ் என்ற பெரிய அறிஞரே 1758இல் தவளை, பல்லி, பாம்பு, ஆமை எல்லாவற்றையும் 'அம்பிபியா' என்ற ஒரே வகுப்பில்தான் போட்டு வைத்தார். எட்டாம் தரத்துப் பிள்ளையை நான் எப்படி ஏசுவது?

விலாசத்தை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அந்த ஈரத்தோல் வழியாகத்தான். உள்ளே தண்ணீரை விடுகிற தோல் வெளியேயும் விடும். உப்புப் போட்ட தேசிக்காய் தண்ணீர் விடுவதைப் போல, கடல் நீரில் விழுந்த தவளை வற்றிப்போகும். அதனால்தான் இத்தனை பெரிய கடலை வைத்திருக்கிற நம் ஊரில் கடலுக்குள் ஒரு தவளையும் கிடையாது. தென்கிழக்காசியாவில் கண்டல் காட்டுச் சேற்றில் நண்டு பிடித்துத் தின்கிற தவளையொன்று உண்டு. உப்பை ஓரளவு தாங்கும். அது ஓர் அபூர்வம்.

ஊர்வனவின் செதில் தோலோ தண்ணீரை எளிதில் விடாது. கடலில் வாழ்கிறவை மிச்ச உப்பைத் தனிச் சுரப்பிகளால் கழிக்கின்றன. ஆமைக்கு அது கண்ணருகே இருக்கிறது. முட்டையிடும்போது ஆமை அழுகிறது என்று கரையில் சொல்வார்களே, அந்தக் கண்ணீர் உப்புக் கழிவுதான்.

இந்தத் தோல் விஷயம் தெரியாததால் நடக்கிற கூத்து ஒன்று இருக்கிறது. மழை தொடங்கினால் பாம்பு வரும் என்று படலையடியில் உப்பும் மண்ணெண்ணெயும் தெளிக்கிறார்கள். பாம்பு அதன் மேலாலேயே போகும். சாவது சொறித்தவளைகள், அவற்றின் தோல்தானே எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. வயலுக்கு அடிக்கிற மருந்தும் அப்படித்தான் ஏறுகிறது.

சொறித்தவளைக்கும் ஓர் ஆயுதம் உண்டு. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு வீக்கங்களில் நஞ்சு இருக்கிறது. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். "பாம்பு கொத்திப்போட்டுது டொக்டர்" என்று ராத்திரியில் ஓடி வருவார்கள். கடித்தது பாம்பல்ல, நாய்தான்! அப்படியானால் நாயின் தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு தாமதிக்காமல் கொண்டு வாருங்கள். பாம்பா தவளையா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே வாருங்கள்.

'அரணை கடித்தால் மரணம்' என்பது வேறு கதை. அரணைக்கு நஞ்சே இல்லை. அதைச் சலமந்தர், அதாவது பல்லி வடிவ ஈரூடகவாழி, என்று படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இலங்கையில் சலமந்தர் இல்லை. இங்கே பல்லி போல நாலு காலும் வாலுமாகத் தரையில் ஓடுவது ஊர்வனதான்.

என்னையே ஏமாற்றியது ஒன்று இருக்கிறது. பேராதனையில் படித்த காலத்தில், தங்கியிருந்த வீட்டு வளவில் மண்வெட்டியால் வெட்டுப்பட்டுக் கிடந்தது. காலில்லை, பளபளப்பு, உடம்பெல்லாம் வளையம். குட்டிப் பாம்பு என்றுதான் நானும் நினைத்தேன். தொட்டால் வழுவழுப்பு, பாம்பில் அந்தப் பிசுக்கு இருக்காது. மண்ணுக்குள் வாழ்கிற காலற்ற ஈரூடகவாழி அது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் கிடக்கும். நம் வறண்ட பக்கத்தில் நான் கண்டதில்லை.

முட்டை என்றதும் ஓர் அக்காவின் நினைவு வருகிறது. கிணற்றடித் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளையாக நுரை ஒட்டியிருக்கிறதாம். பாம்பு முட்டை போட்டிருக்கிறது, எரிக்கவா என்று தொலைபேசியில் கேட்டார். படம் அனுப்பச் சொன்னேன். மரத்தவளையின் நுரைக்கூடு. பாம்பு முட்டை தோல் போன்ற ஓட்டோடு எங்காவது சருகுக் குவியலுக்குள் இருக்கும். தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சடைத்துக் கெட்டுப்போகும். புடையன் பாம்போ முட்டையே இடாமல் குட்டி போடுகிறது. தவளை முட்டைக்கு ஓடு இல்லை, காய்ந்தால் போச்சு. அதனால்தான் கடலாமை முட்டையிடக் கரைக்கு வருகிறது, தவளை தண்ணீரைத் தேடிப் போகிறது.

எரிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். சில நாள் கழித்து மறுபடி அழைத்தார்.

"டொக்டர், நுரை கரைஞ்சு வால் வச்ச கறுப்புக் குஞ்செல்லாம் தொட்டிக்குள்ள ஓடுது. தண்ணிக்குள்ள மட்டும்தான் நிக்குது. இப்ப இது மீனோ?"