92 பெற்றோலும் 300 குதிரைவலுவும்: ஸ்டொக் டர்போ எஞ்சினை எதுவரை தள்ளலாம்?

யூடியூப்பில் ஒரு அமெரிக்கப் பையன் தன் காரின் பொனட்டைத் திறந்து காட்டி, "உள்ளே எதையும் மாற்றவில்லை, 93 பெற்றோல், 350 குதிரைவலு" என்கிறான். அதைப் பார்த்துவிட்டு வருகிற தம்பிமார் இங்கே 92 அடிக்கிறார்கள். ஒன்றுதானே குறைவு என்ற நினைப்பு. இந்த எண்தான் ஒக்டேன், அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. அமெரிக்கப் பம்பில் ஒட்டியிருக்கும் எண், ரிசேர்ச் ஒக்டேன், மோட்டார் ஒக்டேன் என்ற இரண்டு சோதனைகளின் சராசரி. இலங்கையில் ஒட்டியிருப்பது ரிசேர்ச் ஒக்டேன் மட்டும். அவர்களுடைய 93 இங்கே ஏறத்தாழ 98. நம்முடைய 92 அங்கே 87க்குக் கிட்ட வரும். அதை அவர்கள் சும்மா கடைக்குப் போய்வரும் கார்களுக்கு அடிப்பார்கள். உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாக் காட்டுக்குள் வரிசையாக நிற்கிற திருகோணமலை நம்முடையது, ஆனாலும் பெற்றோல் செட்டில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95 இரண்டும்தான். புல்மோட்டைப் பக்கம் போனால் 95உம் கிடைக்கும் என்று நம்பிப் போகமுடியாது.

டர்போ எஞ்சினுக்கு வேலை செய்கிற எனக்கு வருகிற முதல் கேள்வி எப்போதும் "அண்ணே, ஸ்டொக் எஞ்சின் எவ்வளவு தாங்கும்?" என்பதுதான். ஸ்டொக் என்றால் கொம்பனியில் வந்தபடியே, உள்ளே எதையும் மாற்றாதது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், சந்தோசமாகப் போய்விடுவார்கள். ஆனால் இணையத்தில் சுற்றுகிற எண்கள் எல்லாம் வேறொரு பெற்றோலில், வேறொரு வெயிலில் எடுத்தவை. நம்மூரில் எஞ்சினை உடைப்பது டைனோ (வலு அளக்கும் இயந்திரம்) தருகிற தாளில் வருகிற குதிரைவலு இல்லை. நடு ஆர்பிஎம்மில் ஏறுகிற டோர்க்கும் (சுழற்றுகிற விசை), எஞ்சினுக்குள் போகிற காற்றின் சூடும்தான் உடைக்கின்றன.

சூட்டிலிருந்து தொடங்குகிறேன். வைகாசி, ஆனியில் திருகோணமலை மதியம் 35 பாகைக்கு மேல். அந்தக் காற்றை டர்போ 1 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலாக, அழுத்தும்போது, 70 வீதத் திறனுள்ள நல்ல டர்போவிலேயே காற்று 130 பாகையைத் தொடும். அழுத்திய காற்றைக் குளிராக்குகிற இன்டர்கூலர், டர்போ ஏற்றிய சூட்டில் 70 வீதத்தை எடுத்தாலும் எஞ்சினுக்குள் போவது 64 பாகைக் காற்று. இதே காரை 15 பாகைக் குளிரில் ஓட்டுகிறவனுக்கு அதே இடத்தில் 42 பாகை. அந்த 22 பாகை வித்தியாசமே நொக் (பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வருவதற்கும் வராமலிருப்பதற்கும் நடுவிலுள்ள கோடாகிவிடும். இது கார் ஓடிக்கொண்டிருக்கும்போதுள்ள கணக்கு. ஒர்ஸ் ஹில் சந்தியில் மான் கடக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாலே இன்டர்கூலர் சூட்டைக் குடித்துவிடும். பிறகு மிதிக்கிற முதல் மிதிக்குச் சூடான காற்றுத்தான் கிடைக்கும்.

அடுத்தது டோர்க். 300 பி.எஸ் (குதிரைவலு) என்று ஒருவர் சொன்னால், எந்த ஆர்பிஎம்மில் என்று நான் திருப்பிக் கேட்பேன். 6500இல் 300 என்றால் அந்த இடத்தில் டோர்க் 324 நியூட்டன் மீட்டர். 4500இல் 300 என்றால் 468. தாளில் இரண்டும் ஒரே 300. ஆனால் இரண்டாவது எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கொன்ரொட்டை (பிஸ்டனைக் கிரேங்கோடு இணைக்கும் தண்டு) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்துகிறது. 86 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் வெடிப்பழுத்தம் 100 பாரைத் தொட்டால் பிஸ்டன் தலையில் இறங்குவது கிட்டத்தட்ட 6 தொன் பாரம். ரொட் வளைவது இந்தப் பாரத்தால்தான், அதுவும் ஆர்பிஎம் குறைந்து பூஸ்ட் நிறைந்த நேரத்தில். ஆர்பிஎம் கூடினால் வருகிற சேதம் வேறு வகை: 6500இல் வெட்டுகிற எஞ்சினை 7500க்கு விட்டால், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ரொட் போல்ட்டை இழுக்கும் விசை 33 வீதம் கூடும். சின்ன டர்போவைப் போட்டு "கீழேயே நல்லா இழுக்குது" என்று மகிழ்கிறவர்கள் முதலாவது சேதத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பூஸ்ட் கேஜையும் பலர் பிழையாகப் படிக்கிறார்கள். 0.7இலிருந்து 1.0க்கு ஏற்றினால் 40 வீதம் கூடும் என்று கணக்குப் போடுவார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். உள்ளே உண்மையில் 1.7 பார் 2.0 ஆகிறது. கூடுகிற காற்று, எல்லாம் சரியாக இருந்தால், 17, 18 வீதம். கூடுகிற சூடு அதைவிட வேகமாக ஏறும். டர்போ அதன் வசதியான எல்லையைத் தாண்டிவிட்டால் பூஸ்டைக் கூட்டக்கூட வெறும் சூடுதான் வரும், இழுவை வராது.

கராஜில் பிரித்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய ஸ்டார்லெட் ஜி.டி. 1.3 லீட்டர், கொம்பனியில் 135 பி.எஸ். கை மாறிக் கை மாறி வந்த கார். முன்பு வைத்திருந்த யாரோ பூஸ்ட் குழாயில், பூஸ்டைக் கூட்டுகிற ஒரு பிளீட் வால்வைப் போட்டு, அளவுக்கு மிஞ்சினால் பெற்றோலை வெட்டுகிற கொம்பனிப் பாதுகாப்பையும் ஏமாற்றிவிட்டிருந்தார். பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் பழையது. இப்போது வைத்திருப்பவர் வந்து சொன்னது: "அண்ணே, டிப்ஸ்டிக்கால எண்ணெய் தள்ளுது, ஆனா இழுவை நல்லாத்தான் இருக்கு." ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன்களை வெளியே எடுத்தால் ஒரு பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள அலுமினியத் திட்டு துண்டாக உடைந்து கிடந்தது. காற்று கூடியது, அதற்கேற்ற பெற்றோல் போகவில்லை, நொக் வந்தது. நொக் வரும்போது அழுத்தம் அலையாக எழுந்து முதலில் அடிப்பது அந்த மெல்லிய திட்டைத்தான். கொம்பனிப் பிஸ்டன் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். சூட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. போர்ஜ் செய்த பிஸ்டன் அடியைக் கொஞ்சம் பொறுக்கும்; அதை நம்பி நொக்கோடு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

ரிங் முனைகளுக்கு நடுவே விடுகிற இடைவெளியும் இதில் சேரும். சாதாரண எஞ்சினுக்கு 86 மி.மீ. போரில் சுமார் 0.35 மி.மீ. விட்டால் போதும், பூஸ்ட் கூட்டிய எஞ்சினுக்கு 0.5 வரை விடுவார்கள். கொம்பனி விட்ட இடைவெளி கொம்பனி பூஸ்டுக்கானது. சூடு மிஞ்சினால் ரிங் விரிந்து முனைகள் முட்டும், முட்டினால் சிலிண்டரைக் கீறும் அல்லது திட்டைப் பெயர்க்கும். பிரிக்காமல் இதைப் பார்க்க வழியில்லை என்பதால்தான் ஸ்டொக் எஞ்சினுக்கு ஒரு எல்லை வைக்கவேண்டியிருக்கிறது.

இப்போது இங்கே அதிகம் ஓடுகிற கார்களுக்கு வருவோம். 1000 சி.சி.க்குள் வரி குறைவு என்பதால் ஒரு லீட்டர் டர்போக்கள் நிறைய இறங்கின. ஹோண்டா சிவிக் 1.0இல் 129 பி.எஸ், டொயோட்டா ரைஸில் 98 பி.எஸ். 2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் பழைய காரையே பலமாக்கும் ஆசை நன்றாகக் கூடிவிட்டது. சிவிக்கைக் கேட்கிறவர்களுக்கு நான் ஹோண்டாவின் கணக்கையே காட்டுவேன். அதே எஞ்சினுக்கு மெனுவல் கியர்பொக்ஸோடு 200 நியூட்டன் மீட்டர் கொடுத்த கொம்பனி, சி.வி.டியோடு (பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ கியர்பொக்ஸ்) 180தான் கொடுத்தது. எஞ்சின் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பெல்ட்டுக்காகக் குறைத்தார்கள். நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் சி.வி.டி. அந்த 20ஐத் திருப்பிக் கேட்பவர், கேட்பது கியர்பொக்ஸிடம் என்று தெரிந்து கேட்கவேண்டும். சி.வி.டி. பெல்ட் ஒருதரம் வழுக்கி, அது ஓடுகிற கப்பியைக் கீறினால், பிறகு ஒயில் மாற்றிச் சரிக்கட்ட முடியாது.

சிவிக்கில் உள்ளது போன்ற, சிலிண்டருக்குள்ளேயே பெற்றோல் தெளிக்கிற சின்ன டிரெக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் இன்னொரு பிசாசு இருக்கிறது: எல்.எஸ்.பி.ஐ. 1500, 2000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் நிறைந்து, மிதியும் ஆழமாக இருக்கும்போது, பிளக் பொறி விழுவதற்கு முன்பே சிலிண்டர் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டன் போகலாம். சி.வி.டி. ஆர்பிஎம்மைக் கீழேயே வைத்திருக்கப் பார்க்கும் என்பதால் ரீமெப் செய்த (எஞ்சின் கணினியில் உள்ள கணக்கை மாற்றிய) சி.வி.டி. காரில் இந்த ஆபத்து கூடுதல். ஒயிலில் எஞ்சினைத் துப்புரவாக வைக்கக் கலக்கும் கல்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று கண்டபிறகுதான் 2018இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

660 சி.சி. கெய் கார் (ஜப்பானின் சின்னக் கார் வகை) வைத்திருப்பவர்களிடம் ஒரு வாதம் உண்டு. ஜப்பானில் கொம்பனிகள் பேசிவைத்து 64 பி.எஸ்ஸுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள், ஆகவே உள்ளே இன்னும் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பெரிய கார்களுக்கும் 280 பி.எஸ் என்றொரு உடன்பாடு 2004 வரை இருந்தது உண்மை, சுப்ராவின் 2ஜே.இசட் அதற்குள் அடங்கி இருந்ததும் உண்மை. அந்த எஞ்சினை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது டொயோட்டாவே 320 குதிரைவலுவோடு விற்றது. இரும்பு பிளொக், கனமான கிரேங்க், மூன்று லீட்டர். கெய் எஞ்சினை வடிவமைத்தவனின் கவலை எடையும் பெற்றோல் செலவும். ஒளித்துவைக்க அவனுக்குக் காரணமே இல்லை.

சரி, ஏற்றத்தான் வேண்டும் என்றால்? முதலில் ரேடியேட்டர். கடற்கரை ஓரத்து உப்புக்காற்றில் இன்டர்கூலர், ரேடியேட்டர் இரண்டின் தகடுகளும் பொடியாகி உதிர்ந்திருக்கும், முன் கிரில்லுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. கூலன்ட்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் இங்கே போகவில்லை. உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். டாஷ்போர்டு ஊசி நடுவில் நிற்பதை நம்பாதீர்கள், பல கார்களில் அது ஒரு பெரிய இடைவெளி முழுவதுக்கும் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்கேனரைப் போட்டு உண்மையான பாகையைப் பாருங்கள். அதோடு கொம்ப்ரெஷன் பார்க்கவேண்டும். சிலிண்டர்களுக்கு நடுவில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் காரில் நான் பூஸ்டைத் தொடமாட்டேன், உரிமையாளர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும்.

பெற்றோல் கணக்கு எளிது. டர்போ எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு 6 முதல் 6.5 சி.சி. வரை குடிக்கும். பழைய போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே தெளிக்கிற) காரில் 440 சி.சி. இன்ஜெக்டர் நான்கு, 85 வீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்று வைத்தால், எல்லை 235, 240 குதிரைவலு. அதற்கு மேல் யார் என்ன எண்ணைச் சொன்னாலும், அந்தக் காற்று போதிய பெற்றோல் இல்லாமல் எரிகிறது என்று அர்த்தம். முழு மிதியில் காற்று-பெற்றோல் விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்கவேண்டும். 13ஐப் பார்த்தால் காலை எடுங்கள்.

என் சொந்த எல்லையைக் கேட்டால்: 95 பெற்றோல், நல்ல எஞ்சின், சி.வி.டி. என்றால் கொம்பனி டோர்க்குக்கு மேல் 10 வீதம். மெனுவல் கியர், இன்டர்கூலர் பெரிதாக்கியது என்றால் 20, 25 வீதம், அதுவும் 3000 ஆர்பிஎம்முக்குப் பிறகு ஏறும்படி. 92 அடிக்கிறவர்களுக்கு பூஜ்யம். 95க்கு ரீமெப் செய்த காரில் வேறு வழியில்லாமல் 92 அடித்தால், அந்தத் தாங்கி முடியும்வரை பாதி மிதிக்கு மேல் போகாதீர்கள்.

சந்தையில் விற்கிற சின்னப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பூஸ்ட் சென்சர் வயரில் செருகினால் போதும், 30 குதிரை கூடும் என்பார்கள். அந்தப் பெட்டி செய்வது ஒன்றுதான், உள்ளே இருப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தை ஈசியூவுக்கு (எஞ்சின் கணினி) சொல்வது. ஈசியூ ஏமாந்து பூஸ்டைக் கூட்டும், அந்தப் பொய் எண்ணைப் பார்த்தே பொறி நேரத்தையும் வைக்கும். சூடும் பெற்றோலும் சரியாக இருக்கும்வரை நொக் சென்சர் காப்பாற்றும். ஹபறணைப் பாதையில் மதிய வெயிலில் நீளமாக ஏறிப்போகும்போது அது எதுவரை காப்பாற்றும் என்பது எஞ்சினின் அதிர்ஷ்டம். அந்தப் பாதையில் யானை குறுக்கிட்டால் பிரேக்கும் ஸ்டொக் என்பது தனிக் கதை: 80இலிருந்து நிறுத்துவதைவிட 100இலிருந்து நிறுத்த பிரேக் 56 வீதம் கூடுதல் சக்தியை விழுங்கவேண்டும்.

டீசல் ஹைலக்ஸ், கே.டி.எச். வான்காரர்களுக்குச் சுருக்கமாக: கறுப்புப் புகை இழுவையின் அடையாளம் இல்லை, எரியாத டீசலும் உருகப்போகிற பிஸ்டனும்தான். டொயோட்டா 1கே.டி. எஞ்சினில் இன்ஜெக்டர் கெட்டு பிஸ்டன் வெடிப்பது ரீமெப் இல்லாமலேயே நடக்கிறது. காப்புறுதிக்காரரிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் சிக்கல் வரலாம்.

டைனோ தேடி கொழும்புப் பக்கம் போக முடியாதவர்கள் ஓ.பி.டி. பிளக்கில் ஒரு மலிவான புளூடூத் கருவியைச் செருகி, நிலாவெளிப் பாதையில் வண்டியில்லாத நேரத்தில், வேக எல்லைக்குள், மூன்றாம் கியரில் ஒரு தரம் இழுத்துப் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்து திரையைப் பார்க்கட்டும். காற்றளவு சென்சர் உள்ள கார் என்றால் வினாடிக்கு எத்தனை கிராம் என்ற எண்ணை 1.25ஆல் பெருக்கினால் எஞ்சின் தருகிற குதிரைவலு ஏறத்தாழ வரும். விற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் நொக்குக்காக ஈசியூ பொறியைப் பின்தள்ளிய அளவும் உள்காற்றின் சூடும். ஒரே சிலிண்டரில் கிரேங்க் கோணத்தில் 3, 4 பாகை பின்தள்ளல் திரும்பத் திரும்ப வந்தால் பூஸ்டைக் குறையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானில் உற்றுப் பாருங்கள். மிளகுத்தூள் போல் கறுப்பாகவோ வெள்ளி நிறத்திலோ புள்ளிகள் தெரிந்தால் (வெள்ளி நிறப் புள்ளி பிஸ்டனிலிருந்து வந்தது), காரைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும், ஓட்டிக்கொண்டு இல்லை.