பெரிய ஏடிவி: ஓட்டச் சொகுசானது வேறு, சரிவில் நிற்பது வேறு

எங்கள் பட்டறைக்கு ஏடிவி (பைக் போல ஹேண்டில் பிடித்து, கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) பற்றி விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈ.சி.ஆரில் ரிசார்ட் நடத்துகிறவர்கள், இல்லையென்றால் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள். முதல் கேள்வி எத்தனை சி.சி., இரண்டாவது கேள்வி என்ன விலை. அப்புறம், திடீரென்று ஞாபகம் வந்ததுபோல, "இதுல எதுண்ணே கவிழாது?" என்பார்கள். கவிழாத ஏடிவி என்று ஒன்று கிடையாது. எந்தச் சாய்வில் கவிழும், கவிழும் முன் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கும் என்பதில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. சொல்லப்போனால், அந்த ஒரு சுற்றில் எது மெத்தென்று போகிறதோ அதைப் பற்றித்தான் நான் கூடுதலாக எச்சரிப்பேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். இந்த எண் கூடக் கூட வண்டி கவிழ்வது கடினம். சாதாரண கார்களுக்கு இந்த எண் 1.3, 1.4 என்று வரும். ஆள் ஏறி உட்கார்ந்த ஏடிவிக்கு 1-ஐத் தொடுவதே கஷ்டம். கணக்குக்காக 330 கிலோ வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் 48 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவர் 75 கிலோ, அவருடைய எடை 105 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 59 செ.மீ.க்கு ஏறிவிடும். சக்கர அகலம் 95 செ.மீ. என்றால் எண் 0.81, அதாவது 39 டிகிரிச் சாய்வில் கவிழும். பின்னால் 70 கிலோ ஆள் ஒருவரும், கேரியரில் 60 லிட்டர் மருந்து டேங்க் ஒன்றும் ஏறினால் ஈர்ப்பு மையம் 69 செ.மீ. ஆகிறது, கோணம் 34-க்கு இறங்குகிறது. இவ்வளவும் ஸ்பிரிங்கும் டயரும் அமுங்காத, காகிதத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு. நிஜத்தில் கீழ்ப்பக்கத்து டயர் நசுங்கி, ஷாக் அப்சார்பர் இறங்கி, இன்னும் பல டிகிரி பறிபோகும். சமதரையிலும் இதே எண்தான் வேலை செய்கிறது. அந்த இரட்டைப் பாரத்தோடு, டயர் நன்றாகப் பிடிக்கும் கெட்டித் தரையில் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், மணிக்கு 26 கிலோமீட்டரிலேயே உள்பக்கச் சக்கரங்கள் எழும்பிவிடும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஆடுவது தனிக் கொடுமை.

"உடம்பைச் சாய்த்து ஓட்டினால் சமாளிக்கலாம்" என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எந்த வண்டியில் என்பதைப் பார்க்க வேண்டும். 190 கிலோ சின்ன வண்டியில் நீங்கள் 20 செ.மீ. மேட்டுப் பக்கம் நகர்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நகரும். 330 கிலோ வண்டியில் அது 4 செ.மீ.கூட வராது, கோணத்தில் கிடைப்பது 2 டிகிரிதான். பெரிய வண்டி என்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. வண்டி கனக்கக் கனக்க ஓட்டுகிறவரின் உடம்புக்கு அதன் மேல் உள்ள அதிகாரம் குறைகிறது. கவிழ்ந்தால் மேலே விழுவதும் அந்தக் கனம்தான்.

இதோடு ஒப்பிட்டால் அகலம் வாரிக் கொடுக்கிறது. பெரிய யூட்டிலிட்டி (வேலைக்கான) ஏடிவிகள் பெரும்பாலும் 48 அங்குல அகலத்தில் வருகின்றன. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் எக்ஸ்பி 1000 எஸ் போன்ற ஓரிரண்டு மாடல்கள் 55 அங்குலம். அந்த 7 அங்குலம் நம் கணக்கு வண்டிக்கு 5 டிகிரி சேர்க்கும். உடம்பைச் சாய்ப்பதில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சவுக்குத் தோப்பில் மர வரிசைக்குள் அந்த அகலம் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது பின்பக்கம். ஒப்பிடுவதில் அதிகம் குழப்புவது இதுதான். ஹோண்டா ஃபோர்மேன் போன்ற பழைய பாணி வண்டிகளில் பின் அச்சு ஒரே கம்பி மாதிரி நேராக இருக்கும். இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுற்றும், சேர்ந்தே ஏறி இறங்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியே அந்தப் பக்கம் தூக்கும், முதுகெலும்பு உடனே புகார் சொல்லும். திரும்பும்போது டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) இல்லாததால் நேராகவே போகப் பார்க்கும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். 1996-இல் ஸ்போர்ட்ஸ்மேன் 500 இப்படி வந்தது. பிறகு யமஹா கிரிஸ்லி, கேன்-ஆம் அவுட்லேண்டர் எல்லாம் அதே வழிக்கு வந்துவிட்டன. மேடு பள்ளத்தில் சொகுசு, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஆனால் வளைவிலும் சரிவிலும் உடல் ஒரு பக்கமாகச் சாயும். ஈர்ப்பு மையமும் கவிழும் பக்கமாகவே நகரும். இதைக் கட்டுப்படுத்தத்தான் ஸ்வே பார் என்ற கம்பி இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கிறது. "குண்டு குழியில அடிக்குது" என்று அதைக் கழற்றிவிடச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. நாங்கள் கழற்றித் தருவதில்லை.

முரட்டு அச்சுதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. எனக்கே தனிச் சஸ்பென்ஷன் வண்டிதான் பிடிக்கும். ஆனால் முரட்டு வண்டி உங்களைக் குலுக்கியே வேகத்தைக் குறைக்க வைக்கும். சொகுசு வண்டி எல்லைக்குப் பக்கத்தில் போகும்வரை எதையும் காட்டிக்கொள்ளாது. பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான். 2007-இல் கிரிஸ்லி 700-இல் முதன்முதலாக மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தபோது கைவலி போனது, பெரிய நிம்மதி. கூடவே, முன் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு இழுப்பதும், முன் டிஃபரன்ஷியல் லாக்கில் (இரு முன் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டி) இருப்பதும் கைக்குச் சரியாகத் தெரியாமல் போனது.

இறக்கத்தில் இன்னொரு வித்தியாசம் தெரியும். பெல்ட் டிரான்ஸ்மிஷன் (ஸ்கூட்டர் போல பெல்ட்டில் ஓடும்) வண்டிகளில் த்ராட்டிலை விட்டால் என்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கிரிஸ்லியில் நான்கு சக்கர டிரைவ் போட்டிருந்தால் நான்கு சக்கரத்தையும் என்ஜின் இழுத்துப் பிடிக்கும். ஸ்போர்ட்ஸ்மேனில் முன் சக்கரங்கள், பின் சக்கரம் வழுக்கும்போது மட்டும் தானாகச் சேரும் வகை. அதனால் திருப்பும்போது ஹேண்டில் லேசாக இருக்கும், ஆனால் இறக்கத்தில் நான்கு சக்கரப் பிடிப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனி வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். பின் சக்கரம் மட்டும் பிடித்து, ஈரக் களிமண்ணில் வால் பக்கம் திரும்பினால் வண்டி சரிவுக்குக் குறுக்கே நின்றுவிடும். அடுத்து நடப்பது மேலே போட்ட கணக்குதான்.

நம் ஊரில் பலருக்கு ஏடிவி என்றால் மணல். மெரினாவில் போலீஸ் ரோந்து போவதைப் பார்த்திருப்பார்கள், கோவளம் பக்கம் வாடகைக்கு ஓட்டியிருப்பார்கள். மணல் மன்னிக்கும் தரை. வேகமாகத் திருப்பினாலும் டயர் பக்கவாட்டில் வழுக்கி விடுவதால் வண்டி பெரும்பாலும் கவிழ்வதில்லை. (ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடற்கரையில் ஓட்டாதீர்கள், பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும் காலம்.) மணலில் பழகிய அதே கை, காய்ந்து இறுகிய ஏரிக்கரையிலோ தார்ச்சாலையிலோ அதே வேகத்தில் திருப்பினால் டயர் வழுக்காது, பிடிக்கும். பிடித்தால் தூக்கும். வழுக்கிக்கொண்டே வந்து வரப்பில் முட்டினாலும் இதே கதிதான். தார்ச்சாலை பற்றிச் சட்டமும் இருக்கிறது. பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை.

டயர் காற்று விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான பெரிய ஏடிவிகளுக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் அவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது. பையன் பைக்குக்கு அடிப்பதுபோல 25 அடித்துவிடுவான். டயர் பந்து மாதிரி உருண்டு, ஒவ்வொரு கல்லிலும் எகிறும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருந்தால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். "ஹேண்டிலிங் சரியில்ல" என்று வரும் வண்டியில் நாங்கள் முதலில் எடுப்பது ஸ்பேனர் இல்லை, லோ பிரஷர் கேஜ்.

ஆஸ்திரேலியாவில் இதையெல்லாம் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2020 அக்டோபர் முதல், வண்டி எந்தச் சாய்வில் இரண்டு சக்கரத்தில் எழும்பத் தொடங்குகிறது என்று விற்பனை அட்டையில் எழுதியாக வேண்டும். ஓராண்டு கழித்து, பக்கவாட்டுச் சாய்வு விகிதம் குறைந்தது 0.55, அதாவது கிட்டத்தட்ட 29 டிகிரி தாங்கும் வண்டிகளைத்தான் பண்ணை வேலைக்கு விற்கலாம், கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் இருக்கப் பின்னால் ஒரு பாதுகாப்புச் சட்டகமும் பொருத்த வேண்டும் என்றார்கள். பெரிய கம்பெனிகள் சில அந்த நாட்டில் ஏடிவி விற்பதையே நிறுத்திக்கொண்டன. அந்தச் சட்டகம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. தோப்பில் தனியாக, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் மருந்தடிக்கிற ஆளுக்கு 330 கிலோ நெஞ்சின் மேல் கிடந்தால் மூச்சு நின்றுவிடும், எலும்பு முறியக்கூட வேண்டியதில்லை. வேண்டும் என்பேன்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பதென்றால் உங்கள் இடத்துக்கே வண்டியை வரச் சொல்லுங்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தைக் கட்டி, ஹெல்மெட் போட்டு, நடக்கும் வேகத்தில் எட்டு போடுங்கள். இரு சக்கர டிரைவில் ஒரு தடவை, நான்கில் ஒரு தடவை, லாக் போட்டு ஒரு தடவை. ஹேண்டில் எவ்வளவு மாறுகிறது என்று கைக்குத் தெரியும். பிறகு உங்கள் நிலத்திலேயே லேசான சரிவாகப் பார்த்து, லோ கியரில் நேராக இறங்கி, த்ராட்டிலை விட்டுப் பாருங்கள். குறுக்கே ஓட்டுவதைக் கடைசியாக, இன்னும் லேசான சரிவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் அங்கேயே திருப்பப் பார்க்காதீர்கள்.

எப்போதும் இரண்டு பேர் போக வேண்டிய வேலை என்றால் ஒற்றை சீட் ஏடிவியே வேண்டாம். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம்) நீட்டித்த இரண்டு சீட் மாடல்கள் இருக்கின்றன. அதைவிட, கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள சைடு-பை-சைடு (இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்) வண்டியை எடுங்கள். விலை கூடும், மர வரிசைக்குள் நுழைவதும் சிரமம்தான். மருந்து டேங்கைத் தாழ்வான ட்ரெய்லரில் வைத்து இழுத்தால் கேரியரும் காலியாக இருக்கும். ட்ரெய்லர் எடை மட்டும் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.