குளிரில் நடக்கும் கால்களுக்கு எவ்வளவு துணி வேண்டும்?

குளிரான காலையில் மலையேறத் தொடங்கினால் முதலில் வலிப்பது விரல் நுனிகள். அப்புறம் காது, மூக்கு. நடந்துகொண்டிருக்கும் ஒருவர் தொடை குளிர்கிறது என்று சொல்வது அபூர்வம். 8 டிகிரி, 10 டிகிரி செல்சியஸில்கூடச் சிலர் மேலே ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு கீழே வெறும் ஷார்ட்ஸோடு நடப்பதைப் பார்க்கலாம். கண்ணுக்குப் பொருத்தமில்லாமல் தெரிந்தாலும் அதற்கு நல்ல இயற்பியல் காரணம் இருக்கிறது. அந்த ஷார்ட்ஸ் எப்போது ஆபத்தாக மாறும் என்பதையும் அதே இயற்பியல்தான் சொல்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. முதுகில் பையோடு செங்குத்தான பாதையில் ஏறினால் உடல் செலவழிக்கும் ஆற்றல் 500 வாட்டைத் தாண்டும். தசைகள் அதில் நான்கில் ஒரு பங்கைத்தான், அதுவும் நல்ல நிலையில்தான், வேலையாக மாற்றுகின்றன. மிச்சமெல்லாம் வெப்பம். அது பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் உருவாகிறது. அடுப்பே காலில்தான் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடுப்பைச் சுற்றியுள்ள தோலின் பரப்பும் பெரியது. தீக்காயத்தின் அளவைச் சட்டென்று கணிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி இரண்டு கால்களும் சேர்ந்தால் பெரியவர்களின் உடல் தோலில் 36 சதவீதம். இவ்வளவு பரப்பைத் திறந்து வைத்தால் உள்ளே உருவாகும் வெப்பம் நேரடியாகக் காற்றுக்குப் போய்விடும். மூடி வைத்தால், போக வழியில்லாத வெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்க்கத் தொடங்கும். முதுகு நனையும், பனியன் நனையும். குளிரில் நடப்பவருக்கு வியர்வையைப்போல் கெடுதல் செய்வது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கால்களைத் திறந்து வைப்பதால் கிடைக்கும் பெரிய லாபம், உடம்பின் மேல்பாதி உலர்ந்தே இருப்பதுதான்.

சரி, பேன்ட் உண்மையில் எவ்வளவு கதகதப்புத் தருகிறது? உடையின் கதகதப்பை அளக்க 'க்ளோ' என்று ஓர் அலகு இருக்கிறது. 1941 இல் மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடையின் மதிப்பு 1 க்ளோ. சாதாரண பேன்ட்டின் மதிப்பு 0.2 க்ளோவை ஒட்டி இருக்கும், ஷார்ட்ஸின் மதிப்பு 0.06 முதல் 0.08 வரை. வித்தியாசம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. அதிலும் இவை அசையாமல் நிற்கும் உடலுக்கான எண்கள். நடக்கும்போது பேன்ட்டின் கால்குழாய் துருத்திபோல் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதால் அந்தக் கதகதப்பும் குறைந்துபோகும்.

அப்படியென்றால் மெல்லிய பேன்ட் எதற்கு? காற்றைத் தடுப்பதற்கு. தோலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய காற்றுப்படலம் அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் அதுவே ஒரு போர்வை. காற்று வீசினால் அந்தப் போர்வை பறந்துவிடும். பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் இதை அளந்தார்கள். நீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, காற்றின் வேகத்துக்கு ஏற்ப அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்த்து, முடிவுகளை 1945 இல் வெளியிட்டார்கள். 2001 இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட புதிய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது தோலுக்குச் சுமார் 0 டிகிரிபோல இருக்கும். இது முகத்துத் தோலை வைத்துப் போட்ட கணக்குத்தான், ஆனாலும் வெறும் காலுக்கும் போக்கு அதுவே. மரங்கள் அடர்ந்த பாதையில் ஷார்ட்ஸ் போதுமானதாக இருக்கும். அதே மலையின் திறந்த முகட்டுக்கு வந்ததும் போதாமல் போகும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஈரம். பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். மழை வரும்போல இருந்தால் பேன்ட் போடு என்பது வழக்கமான அறிவுரை. நீர் புகாத மழை பேன்ட் என்றால் சரிதான். ஆனால் ஜீன்ஸ் போன்ற பருத்தி பேன்ட் நனைந்துவிட்டால் நிலைமை வேறு. துணியின் இழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அப்புறம் உலர்வதற்கான செலவு வேறு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் தோலின் வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். பேன்ட்டில் 300 மில்லி தண்ணீர் தங்கி, அது ஒரு மணி நேரத்தில் உலர்ந்தால், அதற்குப் போகும் வெப்பம் 200 வாட். ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்று கொடுத்தாலும் பெரும்பங்கு உங்கள் காலிலிருந்துதான் போக வேண்டும். ஓய்வில் இருக்கும் உடல் உண்டாக்குவதே 100 வாட்தானே!

வெறும் தோலில் அவ்வளவு தண்ணீர் தங்காது. வழிந்தோடியது போக ஒரு மெல்லிய படலம்தான் மிஞ்சும், துண்டால் ஒருமுறை துடைத்தால் அதுவும் போய்விடும். நான் ஒருமுறை ஜீன்ஸோடு ஓடையில் முழங்கால் வரை இறங்கிக் கடந்தேன். ஷார்ட்ஸில் வந்தவரின் கால்கள் பத்து நிமிடத்தில் உலர்ந்துவிட்டன. என் ஜீன்ஸ் மாலை வரை காலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது, நடுக்கமும் நிற்கவில்லை. அன்றைக்குப் பிறகு மலைக்குப் பருத்தி பேன்ட் எடுத்துப்போவதே இல்லை. பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது, நைலான் கொஞ்சம் உறிஞ்சும். இரண்டுமே சீக்கிரம் உலரும்.

ஷார்ட்ஸுக்கு உண்மையான சோதனை நடப்பதை நிறுத்தும்போது வருகிறது. உச்சியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களில் வெப்ப உற்பத்தி மளமளவென்று இறங்கிவிடும். தோலில் மிஞ்சிய வியர்வையோ தொடர்ந்து ஆவியாகிக் குளிர்விக்கும். உடல் நடுப்பகுதியைக் காப்பாற்றக் கால் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காலுக்குள் தமனியும் சிரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால், கீழே போகும் சூடான ரத்தம் மேலே திரும்பும் குளிர்ந்த ரத்தத்துக்கு வழியிலேயே வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. நடுப்பகுதி தப்பிக்கிறது, கால் மேலும் குளிர்கிறது. குளிர்ந்த தசைக்கு வலு குறைவு, குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகப் போகும். இந்த நிலையில்தான் எழுந்து இறக்கத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் உடல் வெப்பமும் ஏற்றத்தின் அளவுக்கு உருவாகாது, காலை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனமும் அதிகம் வேண்டும்.

அதனால் ஷார்ட்ஸில் ஏறுகிறவர் பையில் ஒரு பேன்ட் வைத்திருந்தே ஆக வேண்டும். காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலான் பேன்ட் போதும். கால்குழாயில் ஜிப் இருந்தால் பூட்ஸைக் கழற்றாமலே மாட்டலாம். உட்கார்ந்த உடனே மாட்டிக்கொள்ளுங்கள், நடுங்கும்வரை காத்திருக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கும், விரல்கள் எளிதில் வெளுத்து மரத்துப்போகும் சிலருக்கும், முதல் அடியிலிருந்தே பேன்ட்தான் நல்லது.

குளிரோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. முட்புதர், அட்டை, உண்ணி. உண்ணிகள் புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்கூடச் சில வகைகள் நடமாடும். அவை உள்ள பகுதியில் வெப்பநிலை எதுவாக இருந்தாலும் நீண்ட பேன்ட் போட்டு, அதன் முனையைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள்.

காற்றில்லாத, உலர்ந்த, 10 டிகிரியை ஒட்டிய ஏற்றத்துக்கு என் தேர்வு ஷார்ட்ஸ்தான். கிளம்பும்போது கால் கொஞ்சம் குளிர்ந்தால் பரவாயில்லை, பத்து, பதினைந்து நிமிட ஏற்றத்தில் சரியாகிவிடும். முழங்காலில் கைவைத்துப் பார்த்தால் அதன் பிறகும் சில்லென்றுதான் இருக்கும். அங்கே சதை இல்லை, எலும்பும் தோலும்தான், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தொடையைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ஏற்றத்திலும் அது விறைத்துக் குளிர்ந்திருந்தால், அல்லது கால் வைக்க நினைத்த கல்லில் வைக்க முடியாமல் தடுமாறினால், பையைத் திறந்து பேன்ட்டை எடுக்க வேண்டிய நேரம் அது.