டூம்ஸ்டோன், டீல் டாய்: தமிழில் என்ன சொல்வது?

நிறுவனங்களை வாங்கவும் விற்கவும் பங்கு வெளியிடவும் உதவும் நியூயார்க் முதலீட்டு வங்கியாளர்களின் அலமாரியில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் கட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே இரண்டு நிறுவனங்களின் இலச்சினை, ஒரு தொகை, மாதமும் ஆண்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதோ, முதன்முறையாகப் பங்குச் சந்தைக்கு வரும்போதோ, அந்த வேலையில் இருந்தவர்களுக்கென்றே செய்து கொடுப்பது இது. அங்கே இதற்கு டூம்ஸ்டோன் என்றும் டீல் டாய் என்றும் பெயர்.

டூம்ஸ்டோன் என்றால் கல்லறைக்கல். நல்ல காரியத்துக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்? பெயர் வந்த இடம் செய்தித்தாள். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு, 1933-இல் அமெரிக்கா பங்குப் பத்திரச் சட்டம் கொண்டுவந்தது. புதுப் பங்கு வெளியீட்டை இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய அதன்பின் வழியில்லை. எந்த நிறுவனம், என்ன பத்திரம், என்ன விலை, யாரிடம் வாங்கலாம் என்பதைச் சொல்லலாம், வர்ணனை கூடாது. ஆகவே கறுப்புக் கட்டம், நடுவில் நிறுவனத்தின் பெயர், கீழே வங்கிகளின் பெயர்கள் என்று மொட்டையாக விளம்பரம் வந்தது. ‘இது விற்பனைக்கான அழைப்பு அல்ல’ என்று ஒரு வரியும் இருக்கும். பார்க்க அச்சு அசல் கல்லறை எழுத்துதான். அதில் எந்த வங்கியின் பெயர் மேலே, யாருக்குப் பெரிய எழுத்து என்பதற்கு நடந்த மானப் பிரச்சினைகள் தனிக்கதை.

அந்த விளம்பரத்தைச் சிறிதாக்கி அக்ரிலிக்குக்குள் பதித்து நினைவுக்குக் கொடுத்தார்கள். விளம்பரத்தின் பெயர் கட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. சிலர் லூசைட் என்றும் சொல்வதுண்டு. அது டூபாண்ட் நிறுவனம் 1930-களில் தன் அக்ரிலிக்குக்கு வைத்த வணிகப் பெயர்.

செய்முறையில் பொறுமை வேண்டும். அச்சிட்ட மெல்லிய தாளை அச்சுக்குள் நிறுத்தி, அக்ரிலிக் திரவத்தை ஊற்றி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுகவைப்பார்கள். உள்ளே ஒரு குமிழி மாட்டினாலும் எழுத்தைக் கெடுத்துவிடும். பிறகு ஓரங்களைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தொழில்நுட்பத் துறை ஒப்பந்தம் என்றால் வெறும் செவ்வகத்தோடு விடமாட்டார்கள். மேகக் கணிமை (கிளவுட்) நிறுவனத்துக்கு மேக வடிவம், சிப் நிறுவனத்துக்குக் கட்டிக்குள் சிப்.

எழுதுவது என்னவோ நாலே வரி. சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானதற்கு ஒன்று வார்ப்பதென்றால்: நிறுவனத்தின் பெயர், முதல் பொதுப் பங்கு வெளியீடு, பங்குக்கு 36 டாலர் வீதம் 100 கோடி டாலருக்கு மேல், செப்டம்பர் 2021. லாபமா நட்டமா என்பதற்கு அதில் இடம் கிடையாது. ஹெச்.பி. நிறுவனம் 2011-இல் பிரிட்டனின் ஆட்டானமி என்ற மென்பொருள் நிறுவனத்தைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டே அதன் மதிப்பில் 880 கோடி டாலரை நட்டமென்று கணக்கிலிருந்து தள்ளியது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குக் கல்லறைக்கல் என்ற பெயர் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும்.

சரி, தமிழில்? பலர் ‘விருது’ என்று எழுதிவிடுகிறார்கள். விருதென்றால் யாரோ தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். இங்கே போட்டியும் இல்லை, நடுவரும் இல்லை. பெரும்பாலும் வங்கியே ஆர்டர் கொடுத்து, பணம் கட்டி, ஒப்பந்தம் முடிந்த விருந்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறது. வாசகம் சரிபார்த்து வடிவம் முடிவுசெய்யும் வேலை வழக்கமாகக் குழுவின் கடைக்குட்டி தலையில் விழும். கேடயம், கோப்பை என்றாலும் ஜெயித்த வாடை வருகிறது. நடுகல் என்று சொல்ல ஆசை வரலாம். அதிலும் பெயரும் செயலும் பொறிப்பார்கள்தான். ஆனால் அது உயிரைக் கொடுத்தவருக்கு, இது கட்டணம் வாங்கியவருக்கு.

நம்மூர் ஷீல்டு கடைப் பலகைகளில் ‘மொமெண்டோ’ என்றிருக்குமே, அதுதான் இதற்கு நெருங்கிய உறவு. சரியான உச்சரிப்பு மெமெண்டோ. லத்தீனில் ‘நினைவில் வை’ என்று பொருள். மேடைத் தமிழில் அதை நினைவுப் பரிசு என்று எப்போதோ ஆக்கிவிட்டோம். எனவே டூம்ஸ்டோனுக்கு ‘ஒப்பந்த நினைவுப் பரிசு’ போதும். டீலுக்குப் ‘பேரம்’ என்ற சொல் இருந்தாலும், குதிரை பேரம் அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. டீல் டாய் என்பது அவர்களே செய்துகொள்ளும் கேலி. அந்தத் தொனி வேண்டுமென்றால் ‘ஒப்பந்தப் பொம்மை’ எனலாம்.

செய்தித்தாள் விளம்பரத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ‘பங்கு வெளியீட்டு அறிவிப்பு’ என்று எழுத வேண்டும். வங்கிகளின் இணையதளத்தில் டூம்ஸ்டோன்ஸ் என்ற தலைப்பில் கட்டம் கட்டமாக வருவது அவர்கள் முடித்துக்கொடுத்த ஒப்பந்தங்களின் பட்டியல். அங்கே ‘முடித்த ஒப்பந்தங்கள்’ என்றால் சரியாக இருக்கும்.