கிளெய்ம் நிறையப் போட்டவருக்கு கார் இன்சூரன்ஸ்: விதி என்ன, எங்கே செலவு கூடும்?

ஒரே வருடத்தில் இரண்டு கிளெய்ம் போட்டவர்கள், குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள், லைசென்ஸ் சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இனி நமக்கு யார் இன்சூரன்ஸ் தருவார்கள், தந்தாலும் எவ்வளவு கறப்பார்கள்? பயம் நியாயமானது. ஆனால் இந்திய விதிப்படி அடி விழுகிற இடம் பெரும்பாலானவர்கள் நினைக்கிற இடம் அல்ல.

முதலில் தர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுப்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், அடுத்த தடவை அபராதம் 4,000. இதன் கட்டணத்தை கம்பெனி முடிவு செய்வதில்லை, இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ-யைக் கலந்துகொண்டு மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பில் சொந்தக் கார்களுக்கு 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. புதுப்பிக்கும் நாளில் எது நடப்பு அறிவிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே என்ஜின் அளவுதான் கணக்கு, ஓட்டுபவரின் வரலாறு அல்ல. பத்து வருடம் கீறல் இல்லாமல் ஓட்டியவரும் போன மாதம் மூன்று வண்டியை இடித்தவரும் கட்டுவது ஒரே தொகை. விதிமீறல்களுக்கு ஏற்பப் பிரீமியத்தைக் கூட்டலாம் என்று ஐஆர்டிஏஐ அமைத்த ஒரு குழு 2021-இல் பரிந்துரைத்தது, டெல்லியில் முதலில் செய்து பார்க்கலாம் என்றும் சொன்னது. மேலே சொன்ன 2022 அறிவிப்பு அப்படி எதையும் சேர்க்கவில்லை.

செலவு கூடுவது நம் சொந்த வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதியில். அந்த விலை கம்பெனியின் கையில் இருக்கிறது, அதனால் கிளெய்ம் வரலாற்றைப் பார்த்து ஏற்றுவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், 50 சதவீதத் தள்ளுபடியில் 6,000 கட்டி வருகிறீர்கள். பம்பர் உடைந்தது, 8,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகம் என்பதால் பாதி தேய்மானம் போகும், 1,500 சிசி வரையான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போகும், கைக்கு வருவது 3,000. அடுத்த வருடம் 12,000 முழுசாகக் கட்ட வேண்டும், அதற்கடுத்த வருடம் 9,600. ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, குறைவதால் நிஜத்தில் தொகை கொஞ்சம் மாறும், ஆனாலும் 3,000 வாங்கப் போய் இரண்டு வருடத்தில் 9,600 கூடுதலாகப் போகிறது. அதனால் சின்ன நசுங்கலுக்கெல்லாம் கைக்காசு போட்டுவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் "இன்சூரன்ஸ்ல பாத்துக்கலாம் சார்" என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் இந்தக் கணக்கை முடிக்காமல் தலையாட்டாதீர்கள்.

பிரீமியம் ஏறிவிட்டதே என்ற கோபத்தில் தர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். வண்டி பழசு, விற்றால் பெரிதாகக் காசு வராது என்றால் சரி. மூன்று வருடக் கார், அதுவும் கடனில் ஓடுகிறது என்றால் வேண்டாம். அடிக்கடி இடிப்பவருக்குத்தான் ஓன் டேமேஜ் அதிகம் தேவை. அதற்குப் பதில் வாலண்டரி டிடக்டிபிள் எடுங்கள், அதாவது விபத்து நடந்தால் இவ்வளவு தொகையை நானே ஏற்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது; பிரீமியம் குறையும், சின்னக் கிளெய்ம் போடும் ஆசையும் போகும். தேய்மானத்தைக் கழிக்காமல் தரும், பம்பர் டு பம்பர் என்கிற ஜீரோ டெப் எடுப்பதானால் வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பல பாலிசிகளில் இரண்டோடு நின்றுவிடும். பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியை மட்டும் இறக்கிவிடாதீர்கள். கார் திருடுபோனால் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்கு முடிப்பார்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். போதையில் ஓட்டினால், எவ்வளவு பிரீமியம் கட்டியிருந்தாலும் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் வராது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் 185-ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். பரிசோதனை எடுக்கவில்லை, அதனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் விபத்து வழக்கில், பரிசோதனை எண் இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி கிளெய்மை மறுத்தது சரிதான் என்று சொல்லிவிட்டது. லைசென்ஸ் நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டினாலும் இதே கதிதான். அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அனுமதிப்பது உண்டு. உயிரிழப்பு வழக்கில் அது பல லட்சம்.

புது கம்பெனிக்கு மாறும்போது பழைய கிளெய்மை மறைத்து போனஸ் கேட்பது ஆபத்து. பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள், பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் கிளெய்மே விழுந்துவிடும். ஏஜென்ட் தானாகவே 'கிளெய்ம் இல்லை' என்று போட்டுவிடுவதும் நடக்கிறது, அதனால் பாலிசி வந்ததும் அந்த இடத்தைப் பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் உண்மையான போனஸும் போய்விடும்.

கிளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.